நாலு கம்பி ஃபிட்டர்

மாதேஸ்வரன் இருபத்திரண்டு வருடம் கிட்டார் வாசித்தார். அதை யாரும் கேட்டதில்லை. பார்த்தவர்கள் நிறையப் பேர். ஏற்காட்டு மலையில் நாகலூரிலிருந்து கொட்டச்சேடு வரைக்கும் எந்த எஸ்டேட்டில் கோயில் நோம்பி நடந்தாலும், மேடையின் இடது ஓரத்தில் பளபளவென்று ஒரு நீலச் சட்டை தெரியும். அந்தச் சட்டைக்குள் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டு இருப்பவர் அவர்தான். கீபோர்டு ஒரு பக்கம், டிரம் ஒரு பக்கம், நடுவில் மைக்கை விழுங்குகிற மாதிரி இரண்டு பாடகர்கள். இந்த இரைச்சலில் மைக்கும் இல்லாத ஒரு மலிவு கிட்டார் என்ன சொல்கிறது என்று அதற்கே தெரியாது. அந்த வசதியில்தான் அவருடைய கலை வாழ்க்கை இருபத்திரண்டு வருடம் சேதாரமில்லாமல் ஓடியது.

பிழைப்பு வேறு. தாத்தா தர்மபுரிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். அப்பா காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டினார், அம்மா பழம் பறித்தார். மாதேஸ்வரன் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையோடு மூன்று முறை மோதிவிட்டு, நாகலூர் ரோட்டில் அப்பாவும் அம்மாவும் வேலை செய்த எஸ்டேட்டின் பல்ப்பர் ஹவுஸில் நுழைந்தார். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம் இருக்கும் கொட்டகை அது. முதலில் கழுவிவிடும் வேலை. பழைய ஃபிட்டர் திருப்பூரில் உள்ள தன் மகன் வீட்டுக்குப் போனதும், ஸ்பேனர் இருக்கும் இடம் தெரிந்த ஒரே ஆள் என்ற தகுதியில் இவர் ஃபிட்டர் ஆனார். ஆன பிறகு நல்ல ஃபிட்டராகவே ஆனார், அதை மறைக்க வேண்டியதில்லை. இயந்திரத்தின் மேல் காதை வைத்துக் கேட்பார். எங்கே உறுமுகிறது, எங்கே இழுக்கிறது என்று கேட்டு முடித்த பிறகுதான் கை வைப்பார். "மிசினு மொதல்ல பேசோணும், கை அப்புறம்" என்பது அவர் கொள்கை. முப்பது வருடத்தில் இந்தக் கொள்கை ஒருநாளும் அவரைக் கைவிட்டதில்லை, இயந்திர விஷயத்தில்.

கிட்டார் வந்த கதை சின்னது. ஒரு ரிசார்ட்டில் ஜெனரேட்டரைச் சரிசெய்தார். யாரோ சுற்றுலாக்காரர் விட்டுப்போன கிட்டாரை மேனேஜர் கூலியோடு சேர்த்துத் தள்ளிவிட்டார். பிளைவுட் உடம்பு, எண்ணெய்ச் சட்டி நிறம். சேலத்து லாரி டிரைவர் ஒருவர் கம்பிமேல் விரல்களை வைத்து அழுத்தும் மூன்று பிடிகள் சொல்லிக் கொடுத்தார். நான்காவது சொல்லிக் கொடுப்பதற்குள் அவருக்கு ஓசூர் லோடு கிடைத்துவிட்டது. உலகத்தில் உள்ள எல்லாப் பாட்டும் மூன்று பிடிகளில் அடங்கும் என்று மாதேஸ்வரன் அன்றைக்கு முடிவு செய்தார்.

வாசித்த இடம் 'சாரல் இன்னிசைக் குழு'. அதன் தலைவர், கீபோர்டு, கணக்கு, கோபம் எல்லாமே அண்ணாதுரை. எஸ்டேட்டில் அவர் ரைட்டர், ஆள் வருகையைப் பதிகிறவர். அந்தப் பழக்கத்தில் பாட்டின் நடுவிலும் யார் இருக்கிறார், யார் இல்லை என்று கண்ணால் ஒரு சுற்று எண்ணுவார்.

இந்த வருடம் ஆனி மாதக் கடைசியில் காப்பி ஸ்டோரில் ஒத்திகை. அண்ணாதுரையின் தங்கை மகன் ஜீவா வந்திருந்தான். இருபத்துநாலு வயது, ரிசார்ட்டுகளில் வாசித்துச் சம்பாதிக்கிறவன். அவன் கிட்டாரை மடியில் வைத்து ஒரு தடவை கையை ஓட்டினான். டிரம் அடிப்பவர் பீடியை அணைத்தார்.

அண்ணாதுரை கீபோர்டைத் துடைக்கத் தொடங்கினார். கெட்ட சேதி சொல்வதற்கு முன்னால் மட்டும் அவருக்கு அதில் தூசி தெரியும்.

"ஏனுங்க ஃபிட்டரே, ஒரு சமாச்சாரமுங்க. ஒரு மேடைக்கு ரெண்டு கிட்டாரு எதுக்குங்க?"

"ஒண்ணு நமக்கு, ஒண்ணு தம்பிக்குங்க."

"அதாங்க, எதுக்குங்கறேன்."

ஜீவா நல்ல பையன். தரையைப் பார்த்துக்கொண்டு மாதேஸ்வரனிடம் சொன்னான்: "மாமா, பேஸ் இருந்தா நொம்ப நல்லாருக்குமுங்க. நம்ம குழுவுல அடிச்சத்தமே இல்லீங்க."

பேஸ் என்பது கிட்டாரின் தடித்த அண்ணன். நாலே கம்பி. கயிறு மாதிரி இருக்கும். மேலே பாட்டு ஓட, அடியில் 'தும் தும்' என்று அது நடக்கும். நடக்கிறது என்று யாரும் கவனிக்க மாட்டார்கள், நின்றால்தான் தெரியும்.

"பேஸ் கொண்டாந்தீங்கன்னா உங்க எடம் உங்களுக்குத்தானுங்க," என்றார் அண்ணாதுரை. "இல்லீன்னா ஜால்ரா இருக்குது. அதுவும் வேண்டாமுன்னா முன்வரிசையில சேர் போடச் சொல்றனுங்க. கை வெச்ச சேரு."

ஆடி மூணாம் வெள்ளி எஸ்டேட் மாரியம்மனுக்கு நோம்பி. இருபத்துமூன்று நாள் இருந்தது.

ஐம்பத்துநாலு வயது ஆளுக்கு ஒரு மேடை ஓரம் இவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்கலாம். புது பல்ப்பர் வரப்போகிறது, அதைப் பழுது பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து கம்பெனி ஆளே வருவான் என்று பேச்சு இருந்தது. ஃபிட்டர் என்ற பெயருக்கு இன்னும் எத்தனை நாள் அர்த்தம் இருக்கும் என்று தெரியாது. வருடத்தில் ஆறேழு நாள், ஊர் முழுக்கப் பார்க்க உயரமான ஓர் இடத்தில் உட்கார்வது ஒன்றுதான் யாரும் பிடுங்காமல் இருந்தது. இப்போது அதற்கும் ரைட்டரின் தங்கை மகன் வந்தாயிற்று.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். சுதாராணி ஏற்காட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளர். ஆறு மாதம் பயிற்சி, பதினாறு வருடம் வேலை. எழுபது கிலோ ஆளைத் தனியாகத் திருப்பிப் போட்டு, விரிப்பையும் மாற்றிவிடுவார். அழுகிறவர்களை அழவிட்டு, அதற்குள் நாடி பார்த்து முடிப்பவர்.

"ஜால்ராவுல என்னங்க கொறைச்சல்? நகம் தேயாது, ஒக்காந்த எடத்துல சத்தம் வரும்," என்றார்.

"உனக்குப் புரியாது புள்ள."

"புரியாதுதானுங்க. இத்தனை வருசமா நீங்க வாசிச்சதே எனக்குக் கேட்டதில்லயே."

மாதேஸ்வரன் மறுநாள் பஸ் பிடித்துச் சேலம் போனார். கடையில் பேஸ் கிட்டார் விலை கேட்டார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், பேஸ் கம்பி நாலு மட்டும் கொடுங்கள் என்றார். "எந்த பேஸுக்குங்க?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "ஊட்ல இருக்குதுங்க" என்றார். பொய் இல்லை. அது பேஸ் என்று அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆடியில் காப்பிப் பழம் கிடையாது, பல்ப்பர் தூங்கும். ஆகவே வேலை பல்ப்பர் ஹவுஸ் மேஜையில் நடந்தது. பழைய ஆறு கம்பிகளையும் கழற்றினார். புதுக் கம்பிகள் தடிமனாக இருந்ததால் பழைய துளை எதற்குள்ளும் நுழையவில்லை. கம்பியை இறுக்கும் முறுக்குச் சாவிகளின் துளைகளை டிரில்லால் அகலமாக்கினார். கழுத்தின் உச்சியில் கம்பிகள் படியும் வெள்ளைக் கட்டையில் ஆறு வெட்டு இருந்தது. அதை அரத்தால் தேய்த்து, நாலு அகலமான வெட்டாக்கினார். மிச்சமிருந்த இரண்டு சாவிகளைக் கழற்றவில்லை. அழகுக்கு இருக்கட்டும் என்றார். எல்லாம் இரண்டே நாளில் முடிந்தது. இத்தனை சுலபமான வேலைக்குக் கிட்டார் கம்பெனிக்காரன் இவ்வளவு விலை வைக்கிறானே என்று அவனுக்காக வருத்தப்பட்டார்.

பிறகு கம்பிகளை முறுக்கினார்.

கிட்டாரின் வயிற்றுப் பலகையில் பிரிட்ஜ் என்று ஒரு கட்டை ஒட்டியிருக்கும். கம்பிகளின் கீழ்முனை அதில்தான் மாட்டியிருக்கும். மெல்லிய கம்பிகளுக்காக ஒட்டிய கட்டை. நாலு கயிறுகள் சேர்ந்து இழுத்ததும் பலகை மெதுவாக மேலே உப்பியது. வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். சுதாராணி விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"வயித்துல நீர் கோத்த மாதிரி இருக்குதுங்க. தாங்காது."

"மரம்னா கொஞ்சம் அசையும். நீ சும்மா இரு."

மரம் அன்று மாலையே கொஞ்சம் அசைந்தது. பிரிட்ஜ் கட்டையின் பின்புறம் பிளந்து, விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டது. மாதேஸ்வரன் கம்பிகளைத் தளர்த்தி, மரப்பசை ஊற்றி, மேலே அம்மிக்குழவியை வைத்தார். இரண்டு நாள் கழித்துத் தொட்டுப் பார்த்தால் பசை பாயசமாக இருந்தது. ஆடி மாதத்து மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் ஊரில் துவைத்த துணியே ஒரு வாரம் காயாது, பசைக்கு என்ன அவசரம்?

இதற்கு எங்கள் மலையில் எல்லா வீட்டிலும் ஒரே வைத்தியம்தான். அடுப்புக்கு மேலே பரண். உப்பு, தீப்பெட்டி, பள்ளிக்கூட ஷூ, ரேஷன் கார்டு எல்லாம் மழை மாதங்களில் அங்கேதான் குடியிருக்கும். கிட்டாரும் ஏறியது. சனிக்கிழமை முழுக்கக் கவாத்து விறகின் சூட்டில் இருந்து, ஞாயிறு காலை பார்த்தால் பசை கல்லாக இறுகியிருந்தது. மாதேஸ்வரன் கம்பிகளை முழுசாக முறுக்கினார். ஒரு 'தும்' கூட வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுபடி ஈரம் தாக்குமே என்று, முறுக்கிய கிட்டாரைப் பத்திரமாக அதே பரணில் வைத்தார்.

காயாத பசையைச் சூடு காய வைக்கும். காய்ந்த பசையை அதே சூடு இளக்கும். முப்பது வருட ஃபிட்டருக்கு இது தெரியாதா என்றால், தெரியும். ஆனால் பரண் பத்திரமான இடம் என்பது அதற்கும் முன்னால், தாய்ப்பாலோடு தெரிந்தது.

மத்தியானம் சுதாராணி களி கிண்டிக்கொண்டிருந்தார். மேலே துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். பிரிட்ஜ் கட்டை காற்றில் ஒரு கரணம் போட்டு, பக்கத்து அடுப்பில் இருந்த கீரைக்குழம்பில் விழுந்தது. குழம்பு சுவர்வரை போனது. சுதாராணி துடுப்பைக் கீழே வைக்கவில்லை. களி கட்டிப்போகும்.

"ஏனுங்க," என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தார். "உங்க கட்டை கொழம்புல கெடக்குது. கழுவிக் குடுக்கட்டுங்களா, தாளிச்சுக் குடுக்கட்டுங்களா?"

அன்று மாதேஸ்வரன் குழம்பு ஊற்றாமல் வெறும் களி தின்றார். நோம்பிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஒரு கட்டத்தில் ஜால்ராவின் எடை என்ன இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டதாகப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

சுதாராணி தட்டைக் கழுவிவிட்டு வந்து, கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கட்டில்ல இருக்கற ஆளைக் கையப் புடிச்சு இழுத்துத் தூக்கினா என்னாகும் தெரியுங்களா? தோள் களண்டுரும். எடுப்புல புடிக்கோணும். பாரத்த எலும்புல எறக்கோணும், தோல்மேல எறக்கப்படாது. நீங்க நாலு கவுத்தயும் கொண்டுபோய் வயித்துத் தோல்ல கட்டியிருக்கறீங்க. இதுக்கு எடுப்பு எங்க இருக்குதுங்க?"

பெண்டாட்டி கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்வது மாதேஸ்வரன் வழக்கமில்லை. அரைமணி நேரம் வெளியே போய் மேகத்தைப் பார்த்துவிட்டு வந்து, "சுதா, எனக்கு ஒரு யோசனை வந்துருக்குது," என்றார். கிட்டாரின் அடிப்பக்கம் உள்ளே ஒரு கெட்டியான மரக்கட்டை உண்டு. வளைந்த இரண்டு பக்கப் பலகைகளும் அதில்தான் சேரும். கம்பிகளை அங்கே கட்டிவிட்டால் இழுவை அதற்குப் போய்விடும். பிரிட்ஜ் சும்மா முட்டுக் கொடுத்து நின்றால் போதும்.

"நல்ல யோசனைங்க. எங்கிருந்து வந்துச்சோ," என்றார் சுதாராணி.

பல்ப்பர் ஹவுஸின் பழைய கதவிலிருந்து ஒரு இரும்புக் கீல் கழன்றது. அதன் ஒரு இறக்கையைக் கிட்டாரின் அடியில் அந்தக் கட்டையோடு திருகாணி போட்டு இறுக்கினார். மறு இறக்கையை வயிற்றின் மேல் மடித்து, நாலு துளை போட்டு, கம்பிகளின் முனையை அதில் மாட்டினார். பிரிட்ஜைப் பசையோடு இரண்டு போல்ட்டும் போட்டுப் பொருத்தினார். இப்போது பலகை மேலே உப்பவில்லை, கீழே அமுங்கப் பார்த்தது. அதற்கு உள்ளே ஒரு முட்டுக்குச்சி நிறுத்த வேண்டும். சில்வர் ஓக் குச்சி ஒன்றை அளவாக அறுத்து, கம்பிகளைத் தளர்த்தி, நடுவில் உள்ள வட்ட ஓட்டை வழியாகக் கையை முழங்கை வரை விட்டார். குளிர் ஊர், கையில் ஸ்வெட்டர். குச்சி நின்றது. கை வரவில்லை. உள்ளே நீட்டிக்கொண்டிருந்த போல்ட் முனைகள் ஸ்வெட்டரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டன.

இழுத்தார். கிட்டாரும் கூடவே வந்தது. சுழற்றினார். அதுவும் சுழன்றது. சரியாக அந்த நேரம் பார்த்து, நோம்பிக்கு ஜெனரேட்டர் பார்க்கச் சொல்ல வந்த அண்ணாதுரை கதவைத் தள்ளினார். ஒரு கையில் கிட்டாரைச் சட்டை மாதிரி போட்டுக்கொண்டு ஒரு மனிதர் நடுவீட்டில் நின்றார்.

"ஏனுங்க ஃபிட்டரே, வாசிக்கறீங்களா, மாட்டிக்கிட்டீங்களா?"

"வாங்க ரைட்டரே, ஒக்காருங்க. சும்மா... அளவு பாத்துட்டு இருக்கறனுங்க."

"பாருங்க, பாருங்க. நானு இருக்கறேன்." அண்ணாதுரை வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

சுதாராணி கத்தரிக்கோலோடு வந்தார். "இழுக்காதீங்க. ஆளு மாட்டிக்கிட்டா துணியத்தான் வெட்டோணும்." தோளைச் சுற்றி ஒரே வெட்டு. கை வெளியே வந்தது, ஸ்வெட்டரின் கை உள்ளேயே தங்கிவிட்டது. அது வெளியே வர மறுத்ததால் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டார்கள். பின்னால் ஜீவா பார்த்துவிட்டு, உள்ளே துணி இருப்பது சத்தத்துக்கு நல்லதுதான் என்றான். மாதேஸ்வரன் அதைத் திட்டமிட்டே செய்ததாகச் சொன்னார்.

நோம்பிக்கு ஆறு நாள் முன்னால், சனிக்கிழமை ஒத்திகை. கிட்டாரின் வயிற்றில் ஜீவா ஒரு ரூபாய் காசு அளவுக்கு, சத்தத்தைப் பிடித்து வயரில் அனுப்பும் ஒரு பிக்கப்பை ஒட்டி, வயரைப் பெரிய ஸ்பீக்கரோடு சேர்த்தான். மாதேஸ்வரன் தடித்த கம்பியை இழுத்துவிட்டார்.

'தும்ம்ம்' என்று காப்பி ஸ்டோரின் தகரக் கூரை சிலிர்த்தது. மூட்டைமேல் படுத்திருந்த பூனை எழுந்து போனது. அண்ணாதுரை கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். "அட சாமி!" என்றார். கதவுக்கீலையும் கீரைக்குழம்பையும் தாண்டி வந்த அந்தச் சத்தம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. மாதேஸ்வரன் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமாக இருந்த நேரம் ஒன்றிரண்டு இருக்கலாம். அவருக்கு நினைவு வரவில்லை.

பிறகு பாட்டு தொடங்கியது.

பத்து வினாடி போயிருக்கும். டிரம் அடிப்பவர் அண்ணாதுரையைப் பார்த்தார். அண்ணாதுரை பாடகரைப் பார்த்தார். பாடகர் தன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார்கள். பிடி மாறும் ஒவ்வொரு இடத்திலும், எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகு, கடைசி பஸ் மாதிரி ஒரு பெரிய 'தும்' வந்தது. மூன்றாவது தடவை நிறுத்தியபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் கிட்டாரைப் பார்த்தார்கள்.

"மாமா," என்றான் ஜீவா, "பிடி மார்றப்ப நீங்க ஒரு தட்டு பின்னால வர்றீங்க."

"கம்பி புதுசு கண்ணு. பழகோணும்."

"கம்பி இல்லீங்க மாமா."

அண்ணாதுரை விரல் விட்டு ஏதோ எண்ணினார். "அப்ப இருவத்திரண்டு வருசமா...?" என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். மரியாதை தெரிந்த ஆள். மாதேஸ்வரனைக் கேட்க வேண்டும் என்று முதல்முறையாக எல்லோரும் காது கொடுத்த நாளில், அவரை நிஜமாகவே கேட்டுவிட்டார்கள். கிட்டார் சத்தமில்லாமல் இருந்தவரை அதில் தப்பும் சத்தமில்லாமல் இருந்தது. இப்போது இரண்டுக்கும் சேர்த்து ஸ்பீக்கர் கொடுத்தாயிற்று.

"வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்கலாமுங்க," என்றார் அண்ணாதுரை. கீபோர்டின் மேல் துண்டு ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் மாதேஸ்வரன் இதைச் சுருக்கமாகச் சொன்னார். "தாளம் கொஞ்சம் இடிக்குதாம்."

சுதாராணி பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொன்னார். ஜீவா போனில் அனுப்பிய பாட்டை ஓட விட்டார். இரண்டு நிமிடம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லத்தில் படுத்திருப்பவர்களின் மூச்சை எண்ணும் அதே பார்வை.

"நீங்க கேட்டுப்போட்டு வாசிக்கறீங்க."

"பின்ன, கேக்காமயா வாசிப்பாங்க?"

"மிசினுக்கு அது சரிங்க. அது பேசின பொறவு நீங்க கை வெக்கலாம். இங்க அத்தன பேரும் மாறினதக் கேட்டு, சரி மாறிட்டாங்கன்னு தெரிஞ்சு, அப்புறம் நீங்க மார்றீங்க. எந்திரிங்க."

"எனத்துக்கு?"

மூலையில் ராகி மூட்டை இருந்தது. ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையைச் சுதாராணி பிடித்தார். "நானு ஒண்ணு ரெண்டு மூணுன்னு சொல்லுவேன். மூணுல தூக்கோணும்." மூன்று என்றதும் சுதாராணி தூக்கினார். மாதேஸ்வரன் அவர் தூக்குவதைப் பார்த்துவிட்டுத் தூக்கினார். அதற்குள் மூட்டை சாய்ந்து சுதாராணியின் கால்மேல் இறங்கியது.

"பாத்தீங்களா? இதுவே மூட்டையா இல்லாம எங்க இல்லத்துப் பாட்டி ஒருத்தரா இருந்தா இந்நேரம் கீழ. தூக்கறப்ப அடுத்தவ தூக்கறாளான்னு பாக்கக்கூடாது. மூணுன்னா மூணு. அவ தூக்குவான்னு நம்பித் தூக்கோணும். இன்னொருக்கா."

ஏழு தடவை தூக்கினார்கள். ஐந்தாவதில் மூட்டை நேராக எழுந்தது. மாதேஸ்வரனுக்கு ஏதோ ஒன்று விரலில் இல்லாமல் முதுகில் புரிந்தது. எட்டாவது தடவை தூக்கலாமா என்று அவரே கேட்டார். சுதாராணி தைலம் தேடப் போய்விட்டார்.

அந்த ஆறு நாளும் சாயங்காலம் சுதாராணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே எண்ணினார். "மூணு, நாலு, மாத்துங்க. ம்க்கும், தூங்கிட்டீங்க. மறுக்கா." பாராட்டு கிடையாது. தப்பில்லாமல் வந்தால் அடுத்த பாட்டு, அவ்வளவுதான். நோம்பிக்கு எடுத்திருந்த பதினொரு பாட்டில் வெள்ளிக்கிழமை வருவதற்குள் நாலு பாட்டுத் தேறியது. மீதி ஏழு தேறவில்லை, ஐம்பத்துநாலு வயது விரலுக்கு ஆறு நாளில் அதுவே அதிகம்.

நோம்பி அன்று சாமி ஊர்வலம் முடிந்து மேடை ஏறும்போது ஜீவா காதருகில் வந்தான். "மாமா, கவலப்படாதீங்க. அந்த நாலு பாட்டுக்கு வயர் போட்டு உடறேன். மத்ததுக்குக் கழட்டி உட்டர்றேன். நீங்க பாட்டுக்குக் கண்ண மூடி வாசிங்க. ஒருத்தருக்கும் தெரியாது."

நல்ல மனசில் சொன்னதுதான். மாதேஸ்வரன் இருபத்திரண்டு வருடம் செய்ததும் அதுதான், தெரியாமல் செய்தார் என்பது ஒன்றே வித்தியாசம். தெரிந்து செய்வதற்கு இதோ ஒரு பையன் வழி செய்து தருகிறான். நீலச் சட்டை, மேடை ஓரம், பதினொரு பாட்டும் உட்காரலாம்.

"வயரு அப்படியே இருக்கட்டும் கண்ணு," என்றார். "மத்ததுக்கு நானு வாசிக்கல."

"சும்மா உக்காந்திருப்பீங்களா மாமா? எல்லாரும் பாப்பாங்களே."

"பாக்கட்டும்."

அவருடைய நாலு பாட்டையும் முதல் பகுதியில் போட்டார்கள். தும் தும் என்று அடிச்சத்தம் கோயில் மைதானத்தின் ஈரமண்ணில் இறங்கி, முன்வரிசைக்காரர்களின் நாற்காலி வழியாக மேலே ஏறியது. பக்கத்து ஊரான தலைச்சோலையிலிருந்து வந்த, ஆடத் தெரியாத நாலு பேர் எழுந்து ஆடினார்கள். ஏன் இந்த வருடம் மட்டும் ஆட வருகிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. மாதேஸ்வரன் தலையை ஆட்டவில்லை. கண்ணை மூடவில்லை. உதடு மட்டும் ஒண்ணு ரெண்டு எண்ணிக்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு ஒரு கலைஞர் மாதிரியே இல்லை, ரேஷன் வரிசையில் நிற்பவர் மாதிரி இருந்தார்.

ஐந்தாவது பாட்டில் கிட்டாரை மடியில் படுக்க வைத்து, கையைக் கட்டிக்கொண்டார். "ஃபிட்டருக்குக் கை சுளுக்கிருச்சா?" என்று யாரோ கத்தினார்கள். "கரண்ட் இல்லீங்களாட்ட" என்றார் இன்னொருவர். மாதேஸ்வரன் அசையவில்லை. ஆறு, ஏழு, எட்டு. சும்மா இருப்பது வாசிப்பதைவிடக் கஷ்டம். ஒன்பதாவது, அவருக்கு நொம்பப் பிடித்த பாட்டு. விரல் தானாக இறங்கி ஒரு கம்பியை இழுத்துவிட்டது. ஒரே ஒரு 'தும்'. சரியாக ஒரு தட்டு தாமதம். மைதானம் முழுக்கக் கேட்டது. கோயில் வாசலில் இருந்த நாய் திரும்பிப் பார்த்தது. மாதேஸ்வரன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். கடைசிப் பாட்டு முடிகிறவரைக்கும் அப்படியேதான் இருந்தார், மேடைமேல், ஊர் முழுக்கப் பார்க்க.

கூட்டம் கலைந்தது. அண்ணாதுரை வயரைச் சுருட்டிக்கொண்டே வந்தார். சுதாராணி கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நாலு பாட்டும் சுத்தமுங்க ஃபிட்டரே. ஒம்பதாவதுலதான் ஒண்ணு..."

"அது கம்பிங்க."

"ஆமாங்க, கம்பிதானுங்க." அண்ணாதுரை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார். "ஆவணியில கொட்டச்சேட்டுல ஒரு கல்யாணம் புடிச்சிருக்கறேன். நாலு பாட்டுக்கு ஒரு ஆளை மேடையில உக்கார வெச்சா பொண்ணூட்டுக்காரங்க கேப்பாங்க. கொறஞ்சது அஞ்சாவது வேணுமுங்க."

"எட்டுன்னே வெச்சுக்குங்க ரைட்டரே," என்றார் மாதேஸ்வரன்.

"அஞ்சுங்க," என்றார் சுதாராணி. "அஞ்சுன்னு எழுதிக்குங்க."

மாதேஸ்வரன் ஐந்துக்குத் தலையாட்டினார். அந்த ஐந்தாவது எந்தப் பாட்டு என்பதில்தான் பஸ் ஸ்டாப் வரைக்கும் மூன்று பேருக்கும் தகராறு.